‘சமர்ப்பி’ பட்டன் வரை

இணையதளம் ஒன்றைக் கட்டி முடித்துவிட்டு, “ஸ்க்ரீன் ரீடரில் ஒழுங்காக வேலை செய்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, அந்தத் தளத்துக்கு ஒருவர் என்ன வேலையாக வருவார் என்பதைத்தான். கட்டணம் கட்டவா, விண்ணப்பம் போடவா, கல்யாண மண்டபம் பதிவு செய்யவா? அந்த வேலையை முதல் பக்கத்தில் தொடங்கி ரசீது வாங்கும்வரை நான் யாரையும் கூப்பிடாமல் தனியாக முடிக்க வேண்டும். பத்துப் படியில் ஒன்பது படி அருமையாக இருந்து பத்தாவதில் வழி அடைத்துக்கொண்டால், அந்த ஒன்பதாலும் எனக்குப் பயன் இல்லை.

நான் தென்காசிப் பக்கத்துக்காரி. பள்ளிக்கூட வயதிலேயே பார்வை முழுவதுமாகப் போய்விட்டது. இப்போது மும்பையில் செம்பூரில் இருக்கிறேன். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் வேலை. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளைத்தான் ஸ்க்ரீன் ரீடர் என்கிறோம். அதில் என்விடிஏ என்பதுதான் எனக்கு எல்லாம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-இல் அதை எழுதத் தொடங்கினார். அன்று விலை கொடுத்து வாங்க வேண்டிய ஸ்க்ரீன் ரீடர்கள் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத விலையில் இருந்தன. என்விடிஏ இன்றும் இலவசம்தான். இணையதளம் செய்கிற யாரும் இன்றைக்கே இறக்கிக்கொள்ளலாம், அதனால் “எங்களிடம் சோதித்துப் பார்க்க வசதி இல்லை” என்று சொல்வதை நான் ஏற்பதில்லை.

கொஞ்ச நாளைக்கு முன்னால் தாராவியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். 90 அடி சாலைப் பக்கம் வீடு. எங்கள் திருநெல்வேலிச் சீமைக் குடும்பங்கள் அங்கே நிறைய உண்டு, அப்படித்தான் பழக்கம். அவளுக்கும் பார்வை இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுக் கல்லூரியில் சேர இருந்தாள். மும்பையில் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை தருகிற ஓர் அறக்கட்டளையின் தளத்தில் விண்ணப்பம் போடப் பார்த்திருக்கிறாள்.

“அக்கா, எல்லாம் நிரப்பிட்டேன். கடைசியில ‘சமர்ப்பி’ன்னு இருக்கு. ரெண்டு தட்டு தட்டுறேன், ஒண்ணுமே ஆகல.”

அவளிடம் இருப்பது சாதாரண ஆண்ட்ராய்டு போன். அதிலேயே வருகிற டாக்பேக் என்ற ஸ்க்ரீன் ரீடரைத்தான் பயன்படுத்துகிறாள். விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்த பொருளைச் சொல்லும், இரண்டு முறை தட்டினால் அதை அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். நானும் என் கணினியில் அதே பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எனக்கும் அதே இடத்தில்தான் நின்றது.

அறக்கட்டளையின் செயலாளர் நல்ல மனிதர். பேசியதும், “ஆபீஸுக்கு வரச் சொல்லுங்கம்மா, நம்ம பசங்க யாராவது உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்துருவாங்க” என்றார். உண்மையான அன்போடுதான் சொன்னார். ஆனால் அந்தப் படிவத்தில் என்னென்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள்: அப்பாவின் வருமானம், வங்கிக் கணக்கு எண், ஆதார் எண், அப்புறம் போனுக்கு வரும் ஓடிபி. பார்வையுள்ள பிள்ளை வீட்டில் உட்கார்ந்து தானே நிரப்புகிற இந்த விவரங்களை, பார்வையில்லாத பிள்ளை மட்டும் முன்பின் தெரியாத ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓடிபியை யாரிடமும் பகிராதீர்கள் என்று ஒவ்வொரு குறுஞ்செய்தியிலும் வங்கிகள் எச்சரிக்கின்றன. எங்களுக்குப் பல தளங்கள் பகிர்வதைத் தவிர வேறு வழியே வைப்பதில்லை. இதைச் செயலாளரிடம் சொன்னதும் அவருக்கு உடனே புரிந்தது. தளத்தைச் செய்து கொடுத்த தம்பியின் எண்ணைக் கொடுத்தார், கடைசித் தேதியையும் ஒரு வாரம் தள்ளி வைத்தார்.

அந்தத் தம்பி மாட்டுங்காவில் இருக்கிறான். தனியாகத் தொழில் செய்கிறவன். ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடு என் வீட்டுக்கு வந்தான். என்விடிஏவை அதில் ஏற்றி, ஹெட்போனை அவன் காதில் மாட்டி, திரையை அணைத்து வைக்கச் சொன்னேன். தானே எழுதிய படிவத்தை அவனே நிரப்ப வேண்டும். ‘சமர்ப்பி’ வரை போகவே இல்லை, இரண்டாவது கட்டத்திலேயே நிறுத்திவிட்டு, “அக்கா, இது எந்தக் கட்டம்னே சொல்ல மாட்டேங்குதே” என்றான்.

சொல்லாததற்குக் காரணம் எளிது. கட்டத்தின்மேல் சாம்பல் நிறத்தில் ‘உங்கள் பெயர்’ என்று தனியாக ஒட்டிவைத்த எழுத்து மட்டும் இருந்தது, கட்டத்தின் பெயரைச் சொல்லும்படி அதோடு இணைத்த லேபிள் இல்லை. தட்டச்சு செய்யத் தொடங்கியதும் அந்தச் சாம்பல் எழுத்து மறைந்துவிடும். கடைசியில் ஒருமுறை சரிபார்க்கலாம் என்று திரும்பி வந்தால், நிரப்பிய எண் மட்டும்தான் கேட்கும், அது வங்கிக் கணக்கு எண்ணா ஆதார் எண்ணா என்று தெரியாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே கண்ணுக்குத் தெரிகிற லேபிள் எழுதி, நிரலில் அந்த லேபிளின் ஃபார் என்ற பண்பில் கட்டத்தின் அடையாளப் பெயரான ஐடியைக் கொடுத்தால் போதும். பார்வையுள்ளவர்களுக்கும் அது வசதிதான், லேபிளைத் தொட்டாலே கட்டம் திறந்துகொள்ளும்.

நாங்கள் ஒரு பக்கத்தை எப்படிப் படிக்கிறோம் என்பதையும் அன்று அவனுக்குக் காட்டினேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்போம் என்று பலர் நினைக்கிறார்கள். பார்வையுள்ளவர்கள் கண்ணை ஓடவிடுவதுபோல நாங்களும் தாவித் தாவித்தான் போகிறோம். என்விடிஏவில் ஹெச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்பு, எஃப் தட்டினால் அடுத்த படிவக் கட்டம், பி தட்டினால் அடுத்த பட்டன், கே தட்டினால் அடுத்த லிங்க். இன்சர்ட்டோடு எஃப் 7 அழுத்தினால் பக்கத்தில் உள்ள லிங்குகளும் தலைப்புகளும் பட்டியலாக வந்துவிடும். மும்பை லோக்கல் ரயில் நடைமேடையில், மாற்றுத்திறனாளிகள் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் ‘பீப் பீப்’ என்று ஒலித்துக்கொண்டே இருக்கும். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டு நேராக அங்கே போய் நிற்பேன். பக்கத்தில் தலைப்புகள் எனக்கு அந்த ஒலியைப் போல. இந்தத் தளத்தில் தலைப்பு மாதிரி பெரிதாகத் தடித்துத் தெரிந்ததெல்லாம் வெறும் எழுத்து, தலைப்பு என்று குறிக்கப்படவே இல்லை. ஹெச் தட்டினால் ‘அடுத்த தலைப்பு இல்லை’ என்றுதான் என்விடிஏ சொல்லியது. பக்கத்துக்கு முதல்நிலைத் தலைப்பாக ஒரு ஹெச் 1, ஒவ்வொரு பகுதிக்கும் ஹெச் 2, அதற்குள் பிரிவு இருந்தால் ஹெச் 3. அளவு பிடிக்கவில்லை என்றால் அதைப் பக்கத்தின் தோற்றத்தைக் கவனிக்கும் சிஎஸ்எஸ்ஸில் மாற்றிக்கொள்ளலாம்.

சரி, அந்தப் பெண் மாட்டிக்கொண்ட இடத்துக்கு வருகிறேன். ‘மேலே கண்ட விவரங்கள் உண்மை என உறுதியளிக்கிறேன்’ என்று ஒரு வரி, அதன் பக்கத்தில் டிக் செய்கிற கட்டம். டிக் விழுந்தால்தான் ‘சமர்ப்பி’ உயிர் பெறும். கட்டம் அழகாக இருக்க வேண்டும் என்று தம்பி உண்மையான செக்பாக்ஸை டிஸ்ப்ளே நன் போட்டு மறைத்துவிட்டு, அந்த இடத்தில் சொந்தமாக ஒரு பெட்டி வரைந்திருந்தான். டிஸ்ப்ளே நன் என்றால் ஸ்க்ரீன் ரீடருக்கும் அது இல்லை என்றே பொருள், டேப் விசைக்கும் எட்டாது. காதில் விழுவது அந்த உறுதிமொழி வரி மட்டும்தான், அதுவும் சாதாரண வாக்கியம் மாதிரி. ஏதோ தோன்றி அவள் அதைத் தட்டியும் பார்த்திருக்கிறாள். ஒருமுறை தட்டினால் டிக் விழும், இன்னொரு முறை தட்டினால் போய்விடும், இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. ‘சமர்ப்பி’யும் பட்டன் இல்லை. தனக்கென்று எந்த வேலையும் இல்லாத வெற்றுப் பெட்டியான டிவ் ஒன்றுக்கு நிறம் பூசி, மூலைகளை வளைத்து, க்ளிக் கேட்கும்படி வைத்திருந்தான். அது அணைந்திருக்கிறது என்பதையும் யாரும் சொல்லவில்லை.

உண்மையான செக்பாக்ஸும் உண்மையான பட்டனும் இணையப் பக்கங்களை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லில் ஆரம்ப காலத்திலிருந்தே இருக்கின்றன. பட்டன் என்று எழுதினாலே உலாவி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்: டேப் அழுத்தினால் அதன்மேல் நிற்கும், எண்டர், ஸ்பேஸ் இரண்டுக்கும் வேலை செய்யும், ‘பட்டன்’ என்று தன்னை அறிமுகம் செய்துகொள்ளும், அணைந்திருந்தால் அதையும் சொல்லும். டிவ்வை வைத்து இவ்வளவையும் செய்ய ரோல், டேப்இண்டெக்ஸ், விசைப்பலகைக்கான நிரல் என்று எவ்வளவோ எழுத வேண்டும். எங்களுக்காகத் தனியாகப் பெரிய வேலை செய்ய வேண்டும், செலவாகும் என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். இந்தப் படிவத்தில் எங்களைத் தடுத்தவற்றில் பாதிக்கு மேல் யாரோ கூடுதலாக உழைத்துச் சேர்த்தவை. செக்பாக்ஸின் நிறம் பிடிக்கவில்லை என்றால் சிஎஸ்எஸ்ஸில் ஆக்சென்ட் கலர் என்று ஒரு வரி எழுதினாலே மாறிவிடும். தம்பி அதைச் செய்து பார்த்துவிட்டு, “முந்தி இருந்ததுக்கு நாப்பது வரி எழுதியிருந்தேன் அக்கா” என்றான்.

பிறந்த தேதிக்கு ஒரு நாள்காட்டி வைத்திருந்தான். அம்புக்குறியை அழுத்தி மாதம் மாதமாகப் பின்னால் போக வேண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கே இருநூறு முறைக்கு மேல் அழுத்த வேண்டிவரும், அவள் அப்பாவின் பிறந்த தேதி என்றால் கணக்கே வேண்டாம். நாள், மாதம், ஆண்டு என்று மூன்று கட்டம் போட்டுத் தட்டச்சு செய்யவிட்டால் எல்லோருக்கும் வேகம். வருமானச் சான்றிதழ் ஏற்றும் இடத்தில் ‘கோப்பை இழுத்து இங்கே விடவும்’ என்று மட்டும் இருந்தது. இழுத்து விடுவது எனக்கு முடியாது, கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் முடியாது. இழுத்து விடும் வசதி இருந்துவிட்டுப் போகட்டும், பக்கத்திலேயே கோப்பைத் தேர்ந்தெடுக்கும் வழக்கமான பட்டனும் வேண்டும். ஏறி முடிந்ததும் ‘வருமானச் சான்றிதழ் ஏற்றப்பட்டது’ என்று ஒரு வரி வரட்டும். அந்த வரி இருக்கும் இடத்துக்கு ஏரியா லைவ் என்ற பண்பைக் கொடுத்தால், நாங்கள் அங்கே தேடிப் போகாமலே காதில் விழும்.

தவறு காட்டும் முறையும் இப்படித்தான். எதையாவது விட்டுவிட்டு ‘சமர்ப்பி’ கொடுத்தால் அந்தக் கட்டத்தின் ஓரம் சிவப்பாகும், அவ்வளவுதான். சிவப்பு எனக்குத் தெரியாது, நிறக்குறைபாடு உள்ளவருக்கும் பிரித்துத் தெரியாது. ‘வங்கியின் ஐஎஃப்எஸ்சி குறியீடு 11 எழுத்துகள் இருக்க வேண்டும்’ என்று எழுத்தில் சொல்லி, அந்த வரியை ஏரியா டிஸ்கிரைப்ட்பை மூலம் கட்டத்தோடு கட்டி, ஃபோகஸை, அதாவது விசைப்பலகை நிற்கும் இடத்தை, நேரே அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் ஒரு நொடியில் திருத்திவிடலாம்.

ஓடிபிக்குத்தான் அதிக நேரம் செலவழித்தோம். ஒரு நிமிடத்துக்குள் போட வேண்டும், இல்லாவிட்டால் படிவம் முழுக்கக் காலியாகிவிடும். போனிலேயே நிரப்புகிற பெண் குறுஞ்செய்திக்குப் போய், ஆறு இலக்கத்தையும் கேட்டு மனதில் வைத்துக்கொண்டு, திரும்பி வந்து, விட்ட இடத்தைக் கண்டுபிடித்து, இலக்கத்துக்கு ஒன்றாக இருந்த ஆறு குட்டிக் கட்டங்களில் போட வேண்டும். ஆறும் டாக்பேக்கில் ஒரே மாதிரி ‘எடிட் பாக்ஸ்’ என்றுதான் கேட்கும். அதை ஒரே கட்டமாக்கி, ஆட்டோகம்ப்ளீட் பண்பில் ஒன்டைம்கோட் என்று கொடுக்கச் சொன்னேன். ஆதரவு உள்ள போன்களில் குறுஞ்செய்தியிலிருந்து எண் தானாகவே வந்து நிற்கும். நேரத்தைப் பத்து நிமிடமாக்கினான். நேரம் முடிந்தாலும் நிரப்பியது அழியாமல், ஓடிபியை மட்டும் மறுபடி அனுப்பும்படி மாற்றினான். உலக அளவில் இணையதளங்களுக்கு வழிகாட்டியாக இருக்கும் டபிள்யூசிஏஜியில் நேரக் கட்டுப்பாட்டுக்கு என்றே ஒரு விதி உண்டு. 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பில், உள்நுழைய வருபவரிடம் மனப்பாடத்தையோ புதிரையோ கேட்காதே என்ற பொருளில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது.

ஓடிபிக்குப் பிறகு, வந்திருப்பது மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்சா வேறு. வளைந்து நெளிந்த எழுத்துப் படம், ஒலி வடிவமும் இல்லை. போனுக்கு எண் அனுப்பிச் சரிபார்த்த பிறகு இது எதற்கு என்று கேட்டேன், தம்பியே எடுத்துவிட்டான். அதற்குப் பதிலாக, மனிதர் கண்ணில் படாத ஒரு போலிக் கட்டம் வைத்து, அதை நிரப்புகிறவை எல்லாம் ரோபோ என்று தள்ளுகிற உத்தியைப் போட்டான். நல்ல உத்திதான், ஒரு எச்சரிக்கையோடு. அந்தக் கட்டத்தைத் திரைக்கு வெளியே தள்ளி மறைத்தால் ஸ்க்ரீன் ரீடர் அதையும் படிக்கும், நாங்கள் பொறுப்பாக நிரப்பிவிடுவோம், எங்களை ரோபோ என்று தள்ளிவிடும். டிஸ்ப்ளே நன் போட வேண்டிய இடம் இதுதான்.

தமிழுக்கென்று சில விஷயங்கள் இருக்கின்றன. ஆங்கில வழிகாட்டிகள் இவற்றை விரிவாகச் சொல்வதில்லை, அதனால் நம் ஆட்கள் செய்யும் தளங்களில் அடிக்கடி விட்டுப்போகின்றன. பக்கத்தின் நிரல் தொடக்கத்தில், அது எந்த மொழி என்று குறிக்கும் லாங் என்ற பண்பு இருக்கும். வார்ப்புருவில் ஆங்கிலம் என்று வந்ததை யாரும் மாற்றுவதில்லை. அதைப் பார்த்துவிட்டு ஸ்க்ரீன் ரீடர் தமிழை ஆங்கிலக் குரலிடம் கொடுத்துவிடும். சில குரல்கள் தமிழ் எழுத்து வந்ததும் பேசாமல் இருந்துவிடும், சில திக்கித் திணறும். லாங் பண்பில் தமிழ் என்று குறித்துவிட்டால் என்விடிஏ தானே தமிழ்க் குரலுக்கு மாறிக்கொள்ளும். அதோடு வரும் ஈஸ்பீக் என்ற பேச்சு மென்பொருளில் தமிழ் உண்டு, விண்டோஸில் வள்ளுவர் என்ற பெயரிலேயே ஒரு தமிழ்க் குரல் இருக்கிறது. இரண்டு எழுத்து மாற்றும் வேலை இது. பக்கம் தமிழில் இருந்து நடுவில் ஆங்கிலப் பத்தி வந்தால் அதற்கு மட்டும் தனியாகக் குறிக்க வேண்டும். ‘பேங்க்’, ‘ஆன்லைன்’ போன்ற ஒற்றைச் சொற்களுக்கு வேண்டாம், தமிழ் எழுத்தில் இருந்தாலே போதும்.

அடுத்தது பிடிஎஃப். உதவித்தொகை விதிமுறைகள் ஒரு பிடிஎஃப்பில் இருந்தன, பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது. பாமினியில் திரையில் தெரிவது தமிழ், கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. ‘அம்மா’ என்று கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் உள்ளே கிடப்பது எம், கே, செமிகோலன், கே, ஹெச். ஸ்க்ரீன் ரீடர் உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். விதிமுறை முழுக்க இப்படிக் காதில் கொட்டினால் யாரால் என்ன புரிந்துகொள்ள முடியும்? யூனிகோடில் தமிழ் எழுத்து உள்ளேயும் தமிழ் எழுத்தாகவே இருக்கும். தமிழ்நாடு அரசு 2010-லேயே அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனாலும் அச்சகங்களிலும் சங்கங்களிலும் பழைய எழுத்துருக்கள் இன்னும் புழங்குகின்றன. பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து பிழை பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒற்றும் கொம்பும் சில இடங்களில் இடம் மாறும். மாற்றியதை மறுபடி பிடிஎஃப் ஆக்காமல் நேராக ஒரு இணையப் பக்கமாகவே போடச் சொன்னேன். போனில் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் அது லாபம்.

உதவித்தொகை அறிவிப்பே ஒரு படமாகத்தான் வந்திருந்தது. வாட்ஸ்அப்பில் சுற்றுகிற அந்தச் சுவரொட்டியை அப்படியே முகப்பில் ஒட்டியிருந்தார்கள். என் காதுக்குக் கோப்பின் பெயரும் ஒரு எண்ணும் மட்டும் வந்தன. படத்துக்குப் பதிலாகப் படித்துக்காட்டும் ஆல்ட் என்ற குறிப்பை எழுதலாம், ஆனால் தேதி, தகுதி, முகவரி என்று நிறைய விவரம் இருந்தால் படத்துக்குக் கீழே எழுத்தாகவே போட்டுவிடுவது நல்லது. ஆல்ட்டில் ‘படம்’, ‘சுவரொட்டி’ என்று எழுதி வைப்பதால் பயன் இல்லை. அந்தப் படம் அங்கே எதற்காக இருக்கிறதோ அதை எழுத வேண்டும். ஓரத்தில் அழகுக்கு வைத்த கோலத்துக்கு ஆல்ட்டைக் காலியாக விடுங்கள், நாங்கள் அதைத் தாண்டிப் போய்விடுவோம். காலியாக விடுவது வேறு, ஆல்ட்டே போடாமல் விடுவது வேறு. போடாவிட்டால்தான் கோப்பின் பெயரைப் படித்துத் தொலைக்கும்.

எனக்குத் தெரியாத தடைகளும் உண்டு என்பதால், மாட்டுங்காவில் தம்பிக்குத் தெரிந்த மாமா ஒருவரையும் உட்கார வைத்தோம். க்ளாக்கோமா என்ற கண் நோயால் பார்வை குறைந்தவர். ஸ்க்ரீன் ரீடர் வேண்டாம், எழுத்தை மூன்று நான்கு மடங்கு பெரிதாக்கினால் படித்துவிடுவார். போனில் பெரிதாக்கவே முடியவில்லை, விரல்களால் விரித்துப் பெரிதாக்குவதை நிரலில் தடுத்து வைத்திருந்தார்கள். அந்த ஒரு சொல்லை எடுத்ததும் சரியானது. கணினியில் பெரிதாக்கினால் வரியின் உயரத்தைப் பிக்ஸலில் கட்டிவைத்திருந்த இடங்களில் எழுத்தின் தலையும் காலும் வெட்டுப்பட்டன. ஆங்கிலத்தில் வால் கொஞ்சம் வெட்டுப்பட்டாலும் ஊகித்துவிடலாம். தமிழில் மேலே இருக்கும் சுழி போனால் ‘கி’யா ‘கீ’யா தெரியாது, மெய்யின் புள்ளி போனால் சொல்லே மாறிவிடும். “இது ‘கடன்’னா ‘கடன’ன்னா போட்டிருக்கு?” என்று மாமா கேட்டது அதனால்தான். வரி உயரத்தை எழுத்தின் அளவோடு வளரும்படி கொடுக்க வேண்டும், தமிழுக்குக் கொஞ்சம் தாராளமாகவே கொடுக்க வேண்டும். நம் சொற்கள் நீளம் என்பதால் பட்டனின் அகலத்தையும் கட்டிவைக்கக் கூடாது. அப்புறம், வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து. எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 வேண்டும் என்பது விதி, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1. இந்தத் தளத்தில் குறிப்புகள் எல்லாம் 3-ஐக்கூடத் தொடவில்லை. அந்தக் குறிப்புகளில்தான் ‘அசல் சான்றிதழ் கொண்டுவரவும்’ போன்ற முக்கியமான வரிகள் இருந்தன.

காது கேளாத பிள்ளைகளுக்காக இரண்டு மாற்றங்கள்: எப்படி விண்ணப்பிப்பது என்று விளக்கும் வீடியோவுக்குத் தமிழில் வசன வரி, தொடர்புக்குத் தொலைபேசி எண்ணோடு வாட்ஸ்அப்பும் மின்னஞ்சலும். இரண்டாவதற்கு அறக்கட்டளைக்குக் காலணா செலவு இல்லை.

நடுவில் தம்பி ஒரு யோசனை கொண்டுவந்தான். ஒரே ஒரு வரி நிரலைச் சேர்த்தால் தளத்தின் மூலையில் ஒரு குறி வரும், அதை அழுத்தினால் தளம் எல்லோருக்கும் ஏற்றதாகிவிடும் என்று ஒரு விளம்பரம். வேண்டாம் என்று சொன்னேன். லேபிள் இல்லாத கட்டத்தில் என்ன கேட்கிறார்கள் என்று எழுதியவருக்குத்தான் தெரியும், வெளியிலிருந்து வரும் விட்ஜெட் ஊகிக்கத்தான் முடியும். எழுத்தைப் பெரிதாக்கவும் படித்துக்காட்டவும் எங்கள் போனிலும் கணினியிலும் ஏற்கெனவே நல்ல வசதி இருக்கிறது, இது குறுக்கே வந்து அதையும் குழப்பும். இப்படி விற்கும் அக்செஸிபி என்ற நிறுவனம் தன் கருவியைப் பற்றி உண்மைக்குப் புறம்பாகச் சொன்னதாக அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2025 ஜனவரியில் 10 லட்சம் டாலர் கட்டச் சொன்னது.

தானாகச் சோதிக்கும் கருவிகளை நான் மறுக்கவில்லை. ஆக்ஸ், வேவ், குரோமில் உள்ள லைட்ஹவுஸ் மூன்றும் நல்லவை, முதலில் அவற்றை ஓட்டிவிட்டு வந்தால் என் நேரம் மிச்சம். அமெரிக்காவில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ள வெப்எய்ம் ஆண்டுதோறும் 10 லட்சம் முகப்புப் பக்கங்களை இப்படிச் சோதிக்கிறது. 2025-இல் 94.8 சதவீதப் பக்கங்களில் பிழை இருந்தது. மங்கலான எழுத்து, ஆல்ட் இல்லாத படம், லேபிள் இல்லாத கட்டம், வெற்று லிங்க், வெற்று பட்டன், மொழி குறிக்காத பக்கம், இந்த ஆறு வகைதான் கண்டுபிடித்த பிழைகளில் மிகப் பெரும்பாலானவை. ஒரு சனி ஞாயிறில் சரிசெய்துவிடக்கூடியவை. ஆனால் ஆல்ட் இருக்கிறதா என்று கருவி சொல்லும், அதில் எழுதியிருப்பது பொருந்துகிறதா என்று சொல்லாது. ஓடிபிக்கு ஒரு நிமிடம் போதுமா என்று அதற்குத் தெரியாது.

சட்டமும் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சேவை தருகிறவர்கள் அரசானாலும் தனியாரானாலும் அணுகல் விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்கிறது. வங்கிக் கணக்குக்கு வீடியோவில் அடையாளம் சரிபார்க்கும் கேஒய்சி செய்தவர்களுக்குத் தெரியும், கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்வார்கள். ஆசிட் வீச்சில் கண் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார்கள். நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு 2025 ஏப்ரல் 30 அன்று, டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்து, 20 வழிகாட்டுதல்களையும் கொடுத்தது. அந்தத் தீர்ப்பைச் செயலாளருக்கும் அனுப்பினேன். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வாசித்ததாகச் சொன்னார்.

அந்தப் பெண் நீட்டித்த தேதிக்குள் தன் விண்ணப்பத்தைத் தானே போட்டாள். பதிவு எண்ணை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள், கணக்கு எண்ணையும் ஓடிபியையும் அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதற்கு அப்புறம் தளத்துக்குப் புது வண்ணம் அடித்தபோது இரண்டு கட்டங்களின் லேபிள் மறுபடி காணாமல் போயிருந்தது. இதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது, வார்ப்புருவை மாற்றினால் இப்படி நடக்கும். அதனால் இப்போது ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். தளத்தில் எதை மாற்றினாலும் வெளியிடும் முன் தம்பி மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, டேப், எண்டர், ஸ்பேஸ் மட்டும் வைத்து ஒரு விண்ணப்பத்தை முழுதாகப் போட்டுப் பார்க்கிறான். ஃபோகஸ் எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், அதைச் சுற்றி வரும் கோடான அவுட்லைனை யாரோ நீக்கியிருக்கிறார்கள் என்று பொருள், அதைத் திருப்பிப் போடுகிறான். பிறகு அதே விண்ணப்பத்தை அந்தப் பெண் தன் போனில் டாக்பேக்கோடு போட்டுப் பார்க்கிறாள். அவளுக்கு அறக்கட்டளை ஒவ்வொரு முறைக்கும் பணம் கொடுக்கிறது. இதில் நான் கண்டிப்பாக இருந்தேன். ஓவியருக்கும் தட்டச்சு செய்பவருக்கும் கூலி கொடுக்கிறோம், சோதித்துப் பிழை சொல்பவர் மட்டும் ‘உங்களுக்காகத்தானே செய்கிறோம்’ என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டு இலவசமாக ஏன் செய்ய வேண்டும்? செயலாளர் முதல் தொகையை உறையில் போட்டுக் கொடுக்கலாம் என்றார், வங்கிக் கணக்கிலேயே போடச் சொன்னேன். அவள் அடுத்து அரங்கம் முன்பதிவுப் பக்கத்தைச் சோதிக்கிறாள். அதில் காலியாக உள்ள நாள்கள் பச்சை, பதிவான நாள்கள் சிவப்பு, நிறத்தைத் தவிர வேறு அடையாளம் இல்லை. ஒவ்வொரு நாளிலும் ‘காலி’, ‘பதிவானது’ என்று எழுத்தில் சேர்க்கும் வேலை இந்த வாரம் நடக்கிறது.